ஃப்ளை கட்டும் கிட்: கருவிக்காக வாங்கலாம், இறகுக்காக வேண்டாம்

ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் போய், அப்படியே சிற்றாறுகளில் சால்மனுக்குத் தூண்டில் போடவும் ஆசைப்படும் சென்னைக்காரர்கள் பலரும் முதலில் வாங்குவது, ஆன்லைனில் பிராண்டு பெயரே இல்லாமல் வரும், ஃப்ளை கட்டும் தொடக்கக் கிட்டைத்தான். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் முடியும் நூலால் கட்டிச் செய்யும் செயற்கை இரை. (நம்ம ஊர் மீன்கடையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீன் வேறு. அதற்கும் அட்லாண்டிக் சால்மனுக்கும் உறவே கிடையாது.) முள்ளைப் பிடித்துக்கொள்ள மேசையில் மாட்டும் வைஸ், நூல்கண்டைத் தாங்கும் பாபின், இறகு பிடிக்கும் கிளிப், ஊசி, கடைசி முடிச்சுப் போடும் விப் ஃபினிஷர், கத்தரி, நூல், பத்துப் பதினைந்து பாக்கெட் இறகும் முடியும் பெட்டிக்குள் இருக்கும். இதை வைத்து 10-ஆம் எண் இரட்டை முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறிது) 'ஸ்டோட்ஸ் டெய்ல்' என்ற ஃப்ளை ஒன்றை ஒழுங்காகக் கட்ட முடியுமா என்பதுதான் எங்கள் சோதனை.

அந்த ஃப்ளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும் சால்மன் இரை எடுப்பதில்லை. அதனால் ஃப்ளை எந்தப் பூச்சியைப் போலவும் இருக்க வேண்டியதில்லை, மீனைச் சீண்டினால் போதும். ஆனால் சிற்றாற்றில் தண்ணீர் ஆழமில்லை, மீனும் பக்கத்திலேயே கிடக்கும். பெரிய, தடித்த ஃப்ளை விழுந்தால் விலகி ஓடிவிடும். மழைவெள்ளம் வடியத் தொடங்கி, தண்ணீர் பால் விடாத டீ நிறத்தில் இருக்கும்போது 8-ஆம் எண்ணில் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த 'காஸ்கேட்' என்ற ஃப்ளை எடுபடும். தெளிந்த பிறகு 10, 12-ஆம் எண்ணில் கறுப்பும் வெள்ளியுமான ஸ்டோட்ஸ் டெய்ல். இந்த இரண்டு மாதிரியை நன்றாகக் கட்டத் தெரிந்தாலே தாராளம்.

வைஸ் தேறிவிட்டது. முள்ளை மாட்டி, கண் (தங்கூசி நுழையும் வளையம்) பக்கம் நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். மெதுவாகத் தலை சாய்ந்தால் தாடை பிடிக்கவில்லை, திருகை இன்னும் கால் சுற்று முறுக்க வேண்டும். இரட்டை முள்ளில் ஒரு வளைவை மட்டும் தாடைக்குள் விடுங்கள். இரண்டையும் சேர்த்து நெருக்கினால் தாடையின் முனை விரியும், பிறகு 12-ஆம் எண் முள் நிற்கவே நிற்காது. கிரானைட் மேடையில் மாட்டுவதாக இருந்தால் கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைக்கவும். நம்ம கடல் காற்றுக்கு முலாம் சீக்கிரம் துரு பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, துளிகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளையின் உடலுக்குச் சுற்றும் பட்டு இழையான ஃப்ளாஸில் கறை ஏறும்.

பாபின்தான் பிரச்சினை. குழாயின் வாய் கூர்மையாக இருந்து நூலை அறுக்கிறது, கட்டுகிறவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். காது குடையும் பட்ஸை அந்த வாயில் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். 1500 நம்பர் உப்புத்தாளைக் கூம்பாகச் சுருட்டி உள்விளிம்பைத் தேய்த்தால் சரியாகலாம், ஆகாவிட்டால் செராமிக் வாய் வைத்த பாபின் ஒன்று தனியாக வாங்குங்கள். கத்தரி சுமார். விப் ஃபினிஷர் நன்று.

நூலை ஒதுக்கிவிடுங்கள், தடிமன் அதிகம். இந்த அளவு முள்ளுக்கு 8/0 அல்லது 70 டெனியர் வேண்டும். தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் முடி வழுக்காது.

பாக்கெட்டுகளில் இருப்பதில் முக்கால்வாசி குப்பை. சாயமேற்றிய முடியை ஈர டிஷ்யூவில் அழுத்தினால் ஆரஞ்சு ஒட்டிக்கொண்டு வருகிறது. வினிகர் கலந்த வெந்நீரில் ஊறவைத்து அலசினால் ஓரளவு நிற்கும். டின்சல் (மினுமினுக்கும் இழை) என்று கொடுத்திருப்பதோ சுற்றும்போதே உரிகிறது.

இந்தச் சாமான்களுக்கு வெளிநாட்டுப் பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் ஆரி வேலைச் சாமான் விற்கும் கடைகளுக்குப் போனால் போதும். ஓவல் டின்சல் என்பது நூலின் மேல் உலோகத் தகட்டைச் சுற்றியது, நம்ம ஜரிகையும் அதே வேலைதான். மெல்லிய வெள்ளி ஜரிகையாகக் கேளுங்கள். ஒரு அங்குலத்தைக் கொளுத்திப் பாருங்கள்: சுருங்கி உருகினால் பிளாஸ்டிக், அது கறுக்காது. கம்பி மிஞ்சினால் உலோகம். செம்பில் முலாம் பூசியதாக இருந்தால் கறுத்துவிடும், கட்டியதும் வார்னிஷ் பூச வேண்டும். உடலுக்கு, வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் சுற்றும் கறுப்பு சில்க் த்ரெட்டில் நாலைந்து இழை. இறகுக்கு நாட்டுச் சேவலின் கழுத்து. இறகுக்காகவே தேர்ந்து வளர்க்கும் ரகச் சேவல்கள் பண்ணைகளில் வருவதற்கு முன் வெளிநாட்டு ஃப்ளைக்காரர்கள் நம்பியிருந்தது 'இந்தியன் கேப்' என்ற நம்ம ஊர்க் கழுத்து இறகைத்தான். ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவைத்து, ஜிப் கவரில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். பூச்சி இருந்தால் செத்துவிடும்.

சில மாதிரிகளின் பக்கவாட்டில் மெழுகுத்துளி போல மின்னும் இறகு வைப்பார்கள். அது தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் பறவை அது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஸ்டோட்ஸ் டெய்லுக்கு அது தேவையும் இல்லை.

இனி கட்டுவது. முதலில் ஃபேனை நிறுத்துங்கள். கண்ணுக்குப் பின்னால் 2 மி.மீ. வெறுமையாக விட்டு நூலைத் தொடங்கி, முள் முனைக்கு நேர்மேல் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஜரிகையில் மூன்று சுற்று, அதன் மேல் வாலுக்கு மஞ்சள் இறகு இழைகள் சில. ஜரிகையின் மீதியைப் பின்னால் தொங்கவிட்டு, ஃப்ளாஸைத் தட்டையாக முன்னோக்கிச் சுற்றுங்கள். விரலில் வெடிப்போ வியர்வையோ இருந்தால் இழை பிரிந்து மங்கிவிடும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருவது நல்லது. ஜரிகையை எதிர்த்திசையில் ஐந்து சுற்று சுற்றினால் மீனின் பல் பட்டாலும் ஃப்ளாஸ் அறுந்து அவிழாது. கழுத்துக்குக் கீழே கறுப்பு இறகு இழைகள், நீளம் முள் முனையைத் தொடும் அளவு.

இறக்கையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கறுப்பு அணில் வால் முடி கிடைக்காதபோது கறுப்பு ஆட்டு வால் முடி போதும். தீக்குச்சி கனத்துக்கு எடுத்து, அடியில் இருக்கும் பஞ்சு ரோமத்தைச் சின்னப் பல் சீப்பால் முழுக்க வாரிவிடுங்கள். வாரியபின் பாதிதான் மிஞ்சும், அந்தப் பாதிதான் சரியான அளவு. பஞ்சோடு கட்டினால் தலை பருத்து, நாலு வீச்சில் முடி உருவிக்கொண்டு வரும். முடியை விரலால் பிடித்தபடியே இரண்டு தளர்ந்த சுற்று, மூன்றாவதில் நூலை நேர் மேலே இழுத்து இறுக்குங்கள். கைப்பிடியை முன்பே விட்டால் நூலின் முறுக்கு இறக்கையை மறுபக்கம் உருட்டிவிடும். வால் நுனியைத் தாண்டி நீண்டால் முடி தண்ணீரில் முள் வளைவைச் சுற்றிக்கொள்ளும்.

வெட்டும் இடத்தைச் சரிவாக வெட்டி, ஒரு சொட்டு வார்னிஷ் விட்டு, தலையைச் சின்னதாக மூடி, ஐந்து சுற்று விப் ஃபினிஷ். நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட்டு போதும். இரண்டாவது கோட்டு காய்வதற்குள் கண்ணை ஒரு இறகுக் காம்பால் குத்தித் திறந்துவிடுங்கள், அடைந்துபோன கண்ணில் ஆற்றங்கரையில் தங்கூசி நுழையாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாலிஷ் வெளுத்துப் பூக்கும். அந்த மாதங்களில் கட்டியதை அரிசி போட்ட டப்பாவுக்குள் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விடவும்.