“கேமிங்குக்கு பூஸ்ட் பண்ணித் தர்றோம்” என்று சொல்லிப் போனைக் கையில் வாங்கும் கடைகளிடம் கவனம்

கேம் ஆடினால் திணறுது, வீடியோ எடிட் பண்ணினால் கொதிக்குது என்று சொன்னதுமே “பூஸ்ட் பேக்கேஜ்” என்று ஒன்றை நீட்டும் கடைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் பணம் கட்டி ஏமாந்த கல்லூரி மாணவர் ஒருவரின் போனைத் திறந்து பார்த்ததில் கிடைத்த விவரங்கள் இவை. கடைப் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள், அதனால் வேலையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கவுண்டரில் திருப்பிக் கொடுத்தபோது போன் பறந்திருக்கிறது. ஆப்பைத் தட்டினால் சட்டென்று திறந்திருக்கிறது. அதற்குக் காரணம் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (ஆப் உருவாக்குபவர்களுக்கான மறைவான செட்டிங்ஸ் பகுதி) இருக்கும் மூன்று அனிமேஷன் ஸ்கேல்கள். 1எக்ஸ் என்று இருந்ததை அடியோடு ஆஃப் செய்திருந்தார்கள். ‘அபவுட் போன்’ பக்கத்தில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் இந்தப் பகுதி யாருக்கும் திறக்கும். திரை மாறும் காட்சி நேரம் குறைவதால் கண்ணுக்கு வேகமாகத் தெரியும், அவ்வளவுதான். கேமுக்குள் நொடிக்கு ஒரு ஃபிரேம் (திரையில் வரும் படம்) கூட அதிகம் கிடைக்காது.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டைத் தொட்டிருந்தார்கள். ‘ஃபோர்ஸ் 4எக்ஸ் எம்எஸ்ஏஏ’ ஆன். இது படத்தின் ஓரங்களை மழுமழுப்பாக்கும், அதற்கு ஜிபியு (படங்களை வரையும் சிப்) கூடுதலாக உழைக்க வேண்டும். அதாவது வேகம் கேட்டு வந்தவருக்குச் சுமையை ஏற்றியிருக்கிறார்கள். அடுத்தது, பேக்கிரவுண்டு ப்ராசஸ் லிமிட் பூஜ்யம், அதாவது பின்னணியில் எந்த ஆப்பும் திறந்திருக்காது. கேமை விட்டு ஒரு மெசேஜ் பார்த்துவிட்டுத் திரும்பினால் கேம் முதலிலிருந்து லோடு ஆகிறது. எடிட்டிங் ஆப்பிலும் அதே கதை.

ரேம் கிளீனர் ஆப் ஒன்றும் இருந்தது. ஆண்ட்ராய்டில் காலி ரேம் என்பது பயன்படாத ரேம். சும்மா இருக்கும் ஆப்களை எப்போது கழற்ற வேண்டும் என்பதை சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். அதை இன்னொரு ஆப் செய்தால், மூடியவை மறுபடி எழுந்து சிபியு, பேட்டரி இரண்டையும் தின்னும். ஆண்ட்ராய்டு 14 முதல், சாதாரண ஆப் ஒன்று மற்ற ஆப்களின் பேக்கிரவுண்டு ப்ராசஸை மூடவே முடியாது. புதிய போனில் அந்த “பூஸ்ட்” பட்டன் காட்டுவது பெரும்பாலும் அனிமேஷனும் விளம்பரமும்தான். “8 ஜிபியை 16 ஆக்கினோம்” என்பதும் இப்படித்தான். ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேமுக்கு மாற்றாக ஒதுக்கும் வசதி போனிலேயே வருகிறது. நிஜ ரேமின் வேகத்துக்கு ஸ்டோரேஜ் பக்கத்தில்கூட வராது. சில ஆப்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கும், எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) ஏறாது.

இதுவரை சொன்னதில் காசு நஷ்டம் மட்டும்தான். அடுத்ததைப் பார்த்தபோதுதான் நிஜமாகவே கவலை வந்தது.

“கிராபிக்ஸ் டூல்” என்று ஒரு ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) போட்டிருந்தார்கள், பிளே ஸ்டோரில் இருந்து அல்ல. வெளியிலிருந்து நிறுவும் ஆப்புக்கு ஆக்சஸிபிலிட்டி அனுமதி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஆப்களுக்கானது) எளிதில் கிடைக்கக் கூடாது என்று ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு தடுப்பு இருக்கிறது. அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டி, ‘அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ கொடுத்து, அந்தத் தடுப்பைக் கையால் எடுத்திருந்தார்கள். ஆக்சஸிபிலிட்டி கிடைத்த ஆப், திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும். ஓடிபியும் வங்கி ஆப்பும் இருக்கிற போனில் இதைப் போட்டவர்களை மன்னிக்கவே முடியாது. கேம் கோப்புகளை மாற்றும் இத்தகைய டூல்களால் கேம் கணக்கே தடை செய்யப்படவும் வாய்ப்புண்டு.

சில கடைகள் இன்னும் ஒருபடி போய், பூட்லோடரை (போனைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அன்லாக் செய்து, ரூட் போட்டு (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் எடுத்து), சூட்டுக் கட்டுப்பாட்டையே எடுத்துவிடுகின்றன. அதன்பின் வங்கி ஆப்கள் ஓட மறுக்கும், ஓடிடி ஆப்களில் எச்டி போய்விடும். சாம்சங் போனில் நாக்ஸ் ஃபியூஸ் (சிஸ்டத்தை மாற்றியதை நிரந்தரமாகப் பதியும் பாதுகாப்புக் குறி) ஒருமுறை போனால் போனதுதான், திரும்பாது.

போனின் பின்பக்கத்தையும் பிரித்திருந்தார்கள். பிராசஸர் சூட்டைப் பரப்பும் கிராஃபைட் தாளைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செப்புத் தகட்டை ஒட்டியிருந்தார்கள். தகடு ஆன்டெனாவின் மேல் உட்கார்ந்ததால் என்எஃப்சி (போனைத் தொட்டுப் பணம் கட்ட உதவும் வசதி) வேலை செய்யவில்லை. மூடியின் பசையும் பழையபடி ஒட்டவில்லை, அதனால் நீர்க்காப்பை இனி நம்ப முடியாது.

பேட்டரியும் மாறியிருந்தது. ஒரிஜினல் 5,000 எம்ஏஎச். புதியதன் ஸ்டிக்கரில் 6,500. ஆனால் அதே ஸ்டிக்கரின் கீழ்வரியில் 3.87 வோல்ட், 19.35 வாட் ஹவர் என்று இருந்தது. 5,000 எம்ஏஎச்சை 3.87 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் வருவது 19.35. 6,500 என்றால் 25க்கு மேல் இருந்திருக்க வேண்டும். அளவு மாறாத செல்லில் எண் மட்டும் இவ்வளவு ஏறாது. பேட்டரி மாற்றினால் இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள், பழைய பேட்டரியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பேட்டரி மாற்றுவதே மோசடி என்று சொல்லவில்லை. தேய்ந்த பேட்டரியால் பிராசஸர் கேட்கும் திடீர் மின்சாரத்தைக் கொடுக்க முடியாது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைப்பதாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் இதனால்தான். ஐபோனில் பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும்.

எந்த “பூஸ்ட்”டையும் அளக்க நல்ல வழி: வேலைக்கு முன்னும் பின்னும் 3டிமார்க் என்ற வேகம் அளக்கும் ஆப்பில் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுங்கள். ஒரு நிமிட ஓட்டம் 20 முறை, மொத்தம் 20 நிமிடம். முதல் ஸ்கோரை விட, கடைசியில் வரும் ஸ்டெபிலிட்டி சதவீதம் (வேகம் எவ்வளவு குறையாமல் நின்றது என்பது) தான் முக்கியம். கடையில் இரண்டு நிமிடம் ஆடிக் காட்டினால் எந்தப் போனும் நன்றாகத்தான் ஓடும், சூடேறிய பிறகுதான் வேகத்தைக் குறைக்கும். அந்த மாணவரின் போன் வீட்டில் இழுக்க ஆரம்பித்ததும் அப்படித்தான்.

சூட்டைக் குறைக்க காசு வேண்டாம். கேம் ஆடும்போது கவரைக் கழற்றுங்கள், பிரைட்னஸைக் குறையுங்கள், 90 எஃப்பிஎஸ்ஸில் தடுமாறுவதைவிட 60இல் நிலையாக வையுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடியே ஆக வேண்டும் என்றால் பைபாஸ் சார்ஜிங் (சார்ஜர் மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேரே போனுக்குப் போவது) இருக்கிறதா பாருங்கள். பல கேலக்ஸி மாடல்களில் கேம் பூஸ்டருக்குள் ‘பாஸ் யுஎஸ்பி பவர் டெலிவரி’ (Pause USB Power Delivery) என்று இருக்கும். பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் வேண்டும், பேட்டரியும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பெல்டியர் கூலர் (போனின் பின்னால் மாட்டும் மின்சாரக் குளிர்விப்பான்) வாங்குகிறவர்கள் சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் கவனமாக இருங்கள், அதிகம் குளிர்ந்தால் போனில் நீர் கோத்துக்கொள்ளும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இதே கடைகள் மலிவு விலையில் “1 டிபி” மெமரி கார்டைத் தள்ளிவிடுகின்றன. உள்ளே நிஜமாக இருப்பது 32 அல்லது 64 ஜிபியாக இருக்கும். அது நிரம்பியதும் எழுதுவது போலக் காட்டும், ஆனால் பழைய வீடியோ அழியும் அல்லது புதியது திறக்காது. வாங்கிய அன்றே, எதையும் பதிவதற்கு முன், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலோ மேக்கிலோ எஃப்3 போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். வி30 குறி உள்ள கார்டு நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், போனின் 4கே பதிவுக்கு அது தாராளம். போன் ஸ்டோரேஜில் 15 சதவீதமாவது காலியாக வையுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கடையில் கொடுத்தவர்கள், போட்டோக்களை மட்டும் நகலெடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வேறொரு போனிலிருந்து இமெயில், வங்கி பாஸ்வேர்டுகளையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கடை மீது புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் வாங்காதவர்கள் யுபிஐ பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட்டையும் கடையுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.