வெளிநாட்டில் ஓய்வுக்காலம்: வைஸ் கணக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஓய்வு பெற்றபின் வேறு நாட்டில் குடியேறுகிறவர்கள், நாடு விட்டு நாடு பணம் அனுப்பவும் நாணயம் மாற்றவும் உதவும் வைஸ் (Wise) என்ற செயலியில் கணக்கு வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நானும் என் மனைவியும் மாதாமாதம் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் வாழ்நாள் சேமிப்பு மொத்தத்தையும் அதில் போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வாய்க்கால், ஏரி இல்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். நமக்கு ஓய்வூதியம் வருவது ஒரு நாணயத்தில், அரிசி பருப்பு வாங்குவது இன்னொரு நாணயத்தில். இந்த மாற்றத்தில்தான் பணம் சத்தமில்லாமல் கரைகிறது. ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் வங்கிகள்கூட மாற்று விலையில் தங்கள் லாபத்தைச் சேர்த்துவிடுகின்றன. சந்தையில் ஒரு விலை இருக்கும், நமக்குத் தருவது அதைவிடக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம் எந்த ரசீதிலும் தனி வரியாக வராது. இனிமேல் சம்பளம் கிடையாது, இந்த ஓய்வூதியம்தான் கடைசிவரை என்று இருப்பவர்களுக்கு மாதாமாதம் இப்படிப் போவது வயிற்றெரிச்சல்தான்.

வைஸ் பிறந்த கதையும் இதே எரிச்சல்தான். லண்டனில் வசித்த எஸ்டோனியர்கள் இருவர், கிறிஸ்டோ கேர்மனும் தாவெட் ஹின்ரிகுஸும், 2011-ல் தொடங்கியது அது. ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், வீட்டுச் செலவு பவுண்டில். மற்றவருக்குச் சம்பளம் பவுண்டில், ஊரில் கட்ட வேண்டிய வீட்டுக் கடன் யூரோவில். சந்தை விலையைப் பார்த்துவிட்டு, ஒருவர் மற்றவருடைய கணக்கில் அந்தந்த ஊருக்குள்ளேயே பணம் போட்டுக்கொண்டார்கள். எல்லை தாண்டிப் பணம் போகவே இல்லை. டிரான்ஸ்ஃபர்வைஸ் என்றிருந்த பெயரை 2021-ல் வைஸ் என்று சுருக்கினார்கள். அதே ஆண்டில் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கும் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செயலியின் ஒரே ஒரு திரை. தொகையைத் தட்டியதும் கட்டணம் எவ்வளவு, இன்றைய மாற்று விலை என்ன, அந்தப் பக்கம் கையில் எவ்வளவு கிடைக்கும், எப்போது போய்ச் சேரும் என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். உறுதி செய்யும் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் (SWIFT) என்ற வலையமைப்பு வழியாக வங்கிக்கு வங்கி அனுப்பும்போது நடுவில் இருக்கும் வங்கியும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று அனுப்புகிறவருக்கே சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் கணக்குப் பிரிவில்தான் இருந்தேன். போகிற தொகையும் வருகிற தொகையும் ஒத்துப்போனால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இன்னொரு வசதி, பவுண்ட், யூரோ, டாலர் போன்ற சில நாணயங்களுக்கு உள்ளூர்க் கணக்கு எண் கிடைப்பது. ஓய்வூதியம் தரும் அலுவலகத்துக்கு அது சாதாரண உள்நாட்டுப் பரிமாற்றம்தான். ஆனால் இப்படிப்பட்ட கணக்கை உங்கள் ஓய்வூதிய அலுவலகம் ஏற்றுக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் நாட்டைப் பொறுத்து வசதிகளும் மாறும். அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே புதிய நாட்டுக்கான பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வைஸ் தரும் அட்டையும் நன்றாக வேலை செய்கிறது. தொலைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் செயலியிலேயே முடக்கலாம், கிடைத்ததும் திறந்துவிடலாம். ஏடிஎம்மில் மட்டும் கவனம் வேண்டும். ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே கழித்துக்கொள்ளவா?’ என்று இயந்திரம் கனிவாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் மாற்று விலையை அந்த இயந்திரத்துக்காரர் வைப்பார், வைஸ் அல்ல.

இனி ஏரி விஷயம். வைஸ் பிரிட்டனில் மின்பண நிறுவனமாக, அதாவது பணத்தை மின்வடிவில் வைத்திருக்கவும் அனுப்பவும் உரிமம் பெற்றது, வங்கியாக அல்ல. வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகக் காக்க வேண்டும் என்பது சட்டம். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் வைப்புக் காப்பீடு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 யூரோ வரை பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் அது 2,50,000 டாலர். பிரிட்டனில் 85,000 பவுண்டாக இருந்ததை 2025 டிசம்பர் முதல் 1,20,000 ஆக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் வைஸில் கிடக்கும் பணத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை. அதை நிறுவனமே மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறது. ஆகவே நாங்கள் மாதச் செலவுக்கான பணமும் கொஞ்சம் கைக்காவலும் மட்டும் அதில் வைக்கிறோம். மற்றதெல்லாம் காப்பீடு உள்ள வங்கிகளில், வரம்புக்குள் பிரித்துப் போட்டிருக்கிறோம்.

பழைய நாட்டு வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரி திரும்பி வருவதும் பழைய காப்பீட்டு முதிர்வுத் தொகையும் பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும். ஆனால் அந்தக் கணக்கை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாடு. எங்கள் வங்கி (பெயர் வேண்டாம்) வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்யவே மறுத்துவிட்டது. ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும் என்றார்கள். சரி, அந்த சிம்முக்கு விடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து நுழைந்ததைக் காரணம் காட்டிக் கணக்கை முடக்கி, திறப்பதற்கான கடிதத்தை நாங்கள் காலி செய்த வீட்டுக்கே அனுப்பினார்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் கிளைக்கு நேரில் வாருங்கள் என்கிறார்கள். கடல் கடந்து இருக்கிற எழுபது வயதுக்காரரிடம் சொல்கிற பேச்சா இது! கிளம்புவதற்கு முன்பே வங்கிக்குப் போய் முகவரி, எண், மின்னஞ்சல் மூன்றையும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், முடியும் என்று சொல்கிற வங்கிக்குக் கணக்கை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

முகவரியை மறைத்துப் பழைய ஊரிலேயே இருப்பதுபோல் காட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி (OECD) 2014-ல் வகுத்த பொதுத் தகவல் விதிமுறைப்படி (CRS), அதில் சேர்ந்த நாடுகள் 2017 முதல் வெளிநாட்டில் வசிப்பவர்களின் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. வைஸும் வரி வசிப்பிடம் (வரிக்கணக்கில் நீங்கள் வசிக்கும் நாடு) எது என்று கேட்கும். உண்மையைச் சொல்லிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லாமே ஒரு போனுக்குள், ஒருவர் பெயரில் இருக்கிறது, நேரில் போய் நிற்க ஒரு கிளை கிடையாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதுவரை செயலியைத் திறந்தே பார்த்திராத என் மனைவி ஆவணங்களை மின்வழியில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் அவர் பெயரிலும் தனியாக ஒரு கணக்கு திறந்தோம். வாடகைப் பணத்தை இப்போது அவர்தான் அனுப்புகிறார். போன மாதம் கட்டணம் கொஞ்சம் கூடியிருப்பதை என்னை முந்திக்கொண்டு கவனித்துச் சொன்னதும் அவர்தான்.