மார்த்தாண்டம் பக்கம் வேப் டேங்க், காயில் வயர் விற்கிறவனிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். இன்ஸ்டாகிராமில் ஆள் பிடித்து, வாட்ஸ்அப்பில் விலை பேசி, பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பைக்கில் வந்து பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவன் என் தம்பியை ஏமாற்றியிருக்கிறான். தம்பி துபாயில் இருந்தபோது சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி இழுக்கிற மின் சிகரெட்டுக்கு, மாறியவன். அங்கே 2019 முதல் அதைக் கடையில் வைத்து விற்க அனுமதி உண்டு. ஊருக்கு வந்தவனிடம், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளை (காயில்) நாமே சுற்றிப் போடுகிற, திரவம் நிரப்பும் டேங்க் ஒன்றையும் அந்தக் காயில் சுற்ற ஒரு சுருள் வயரையும் ஒரிஜினல் என்று சொல்லித் தள்ளிவிட்டான்.

டேங்க் முதல் நாளே ஒழுகியது. காற்று போகிற துளை வழியாகத் திரவம் கசிந்து சட்டைப் பை முழுக்க நனைந்துவிட்டது. கேட்டதற்கு, "பஞ்சு சரியா வைக்கல" என்று பதில் வந்தது. காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தருகிற பஞ்சு குறைந்தால் ஒழுகும், அது உண்மைதான். காற்றுத் துளையை மூடாமல் நிரப்பினாலும் ஒழுகும். தம்பிக்கு இரண்டும் தெரியும். பிரித்துப் பார்த்தால் கண்ணாடி உட்காரும் பள்ளம் ஒரே ஆழத்தில் வெட்டப்படவில்லை. எந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டாலும் ஒரு பக்கம் தளர்கிறது. உள்ளே காற்று புகுந்துவிட்டால் திரவம் நிற்காது, பஞ்சை எப்படித் திணித்தாலும் சரி. வீட்டில் தம்பி மகள் இன்னும் தவழ்கிற குழந்தை. நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், வாயில் பட்டால் குழந்தைக்கு விஷம். அந்தத் திரவம் மேசையில் வட்டமாகத் தேங்கி நின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வயர் விஷயம் இதைவிட மோசம். நான் தக்கலையில் மோட்டார் வைண்டிங் வேலை செய்பவன், கம்பி என் தொழில். சுருளில் ஒட்டியிருந்த லேபிள் எஸ்.எஸ். 316எல் (காந்தம் ஒட்டாத ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 26 கேஜ் என்றது. கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு; இது அமெரிக்க கேஜ், 0.40 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரில் தடிமன் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தடிமனில் 316எல் வயர் மீட்டருக்கு சுமார் 6 ஓம் மின்தடை காட்ட வேண்டும். மல்டிமீட்டர் 11-க்கு மேல் காட்டியது. காந்தத்தை நீட்டினேன், சட்டென்று ஒட்டியது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த, காந்தல் (Kanthal) என்ற பெயருள்ள வயர்.

பெயர் மாறினால் என்ன என்று நினைக்க வேண்டாம். தம்பியின் கருவி, வயர் சூடேறும்போது ஓம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துத்தான் சூட்டை நிறுத்துகிறது. காந்தலில் ஓம் அநேகமாக மாறாது. அதனால் கட்டுப்பாடு வேலை செய்யாமல் பஞ்சு கருகி, அந்தப் புகை நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இதே ஆள் நாளைக்கு ஓம் குறைந்த நிக்கல் வயரை வேறு பெயரில் கொடுத்தால்? பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத கருவியில் 4.2 வோல்ட் செல்லோடு 0.1 ஓம் காயில் சேர்ந்தால் 42 ஆம்பியர் இழுக்கும். இந்தக் கருவிகளில் போடுகிற சாதாரண 18650 லித்தியம் செல் அதைத் தாங்காது. சூடேறி வெடிக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "போலீஸுக்குப் போ மக்கா, நீயும் உள்ள வருவ." அதோடு எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இந்த தைரியத்தில்தான் அவன் வியாபாரமே நடக்கிறது. இந்தியாவில் 2019-ல் வந்த மத்திய சட்டப்படி மின் சிகரெட்டை விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். விற்பவனுக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பில் கிடையாது, வாரண்டி கிடையாது, வாங்கியவன் வாயைத் திறக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் இப்போது வேறு பெயரில் கணக்கு தொடங்கி, அதே படங்களைப் போட்டிருக்கிறான். உங்கள் வீட்டுப் பையன்கள் யாராவது பேரம் பேசிக்கொண்டிருந்தால் இதைக் காட்டுங்கள். ஏற்கெனவே வாங்கிய வயர் கையில் இருந்தால் அதைச் சுற்றிப் போடாதீர்கள், திரவப் பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தம்பி வேப்பையும் விட முடிவு செய்து, 1800 11 2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணில் பேசியிருக்கிறான். கூப்பிடக் காசு இல்லை.