புனைவும் அபுனைவும்: கும்பகோணத்தில் நடந்த இரண்டு நாள் எழுத்துப் பயிலரங்கு

சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறு கும்பகோணத்தில் புனைவு (கதை), அபுனைவு (கட்டுரை) இரண்டையும் பற்றி நடந்த எழுத்துப் பயிலரங்கில் கலந்துகொண்டேன். கட்டணம் 1,800 ரூபாய். இரண்டு வேளை மதிய உணவும் 32 பக்க நகல் தொகுப்பும் அதில் அடக்கம். நாங்கள் 14 பேர் இருந்தோம். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைக் குறிப்பிடாமல், என்ன கற்பித்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை, இலக்கணம் எதுவும் சொல்லாமல் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை எங்கள் கையில் கொடுத்தார்கள். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு ராஜராஜன் ஆட்சியின் 2ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளையும் உறவினரின் உடைமைகளையும் பறிமுதல் செய்யும் ஆணையைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள், எந்த இடத்தில் கொன்றார்கள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல்கி 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' அந்த மௌனத்துக்குள்தான் நுழைகிறது என்று பயிலரங்கு ஆசிரியர் காட்டியபோது, பள்ளி நாள் முதல் படித்துவந்த நாவலை முதன்முறையாக அதன் அடித்தளத்திலிருந்து பார்த்தேன். ரவிதாசன் கல்லில் இருக்கிறான். நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனையில் பிறந்தவள். நாவலின் நாயகன் வந்தியத்தேவனுக்கோ, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவர் என்ற அளவில் வரும் குறிப்பே பிடிமானம். வரலாற்று ஆய்வாளர் அந்தக் குறிப்போடு நின்று, இதற்கு மேல் சான்று இல்லை என்று எழுதியாக வேண்டும். நாவலாசிரியரின் கற்பனைக் குதிரையோ அங்கிருந்துதான் கிளம்புகிறது. இரு தரப்பும் ஒரே வரியைத்தான் படிக்கிறார்கள் என்பதை ஒரு மணி நேரத்தில் இவ்வளவு தெளிவாக உணர்த்திய வகுப்பு வேறு எதிலும் நான் உட்கார்ந்ததில்லை.

பயிலரங்கின் உயிர் அன்று பிற்பகலில் இருந்தது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பட்டறைக்கு எங்களை அழைத்துச் சென்று, பார்த்ததை இரவுக்குள் ஒரு பக்கக் கட்டுரையாகவும் மறுநாள் காலைக்குள் ஒரு பக்கக் கதையாகவும் எழுதச் சொன்னார்கள். பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே மண் அச்சில் வார்த்து, கடைந்து, அரம் போட்டு, கடைசியில் திருகிச் சேர்க்கிறார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் அன்னத்தின் கழுத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களா என்று கேட்டேன். "பையன் திருப்பூர்ல இருக்கான் தம்பி" என்றார்.

என் கட்டுரையில், அதை அவர் வருத்தத்தோடு சொன்னதாக எழுதியிருந்தேன். ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால், "வருத்தம் என்று அவர் சொன்னாரா, நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் நான் பார்த்தது வேறு: அவர் அரத்தை நிறுத்தினார், மடியிலிருந்த துணியால் அன்னத்தின் அலகைத் துடைத்தார், மறுபடி அரம் போட்டார். வருத்தம் என்பது நான் ஏற்றியது. மகன் மாதாமாதம் பணம் அனுப்புவதில் அவருக்குப் பெருமைகூட இருந்திருக்கலாம்; நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, கண்ட மூன்று செயல்களை மட்டும் எழுதியபோது, பத்தி முன்னைவிடக் கனமாக நின்றது.

கதையில் நேர்மாறாக நடந்தது. "பையன் திருப்பூர்ல இருக்கான்" என்ற அவருடைய வாக்கியத்தை, நிஜமாகவே கேட்ட சொல் என்ற தைரியத்தில், அப்படியே வைத்திருந்தேன். இந்த முறை ஓரத்தில் இருந்த கேள்வி: "இவர் யாரிடம் இதைச் சொல்கிறார்? இதைச் சொல்ல இவருக்கு இன்று என்ன நேர்ந்தது?" அவர் அப்படித்தான் சொன்னார் என்று நான் வாதாடியபோது, அது கட்டுரைக்குப் போதும், கதைக்குப் போதாது என்றார் ஆசிரியர். கட்டுரை வாசகர் எப்படித் தெரியும் என்று கேட்டால் நாம் சான்றைக் காட்டலாம். கதை வாசகரிடம் காட்ட அந்தப் பக்கத்தில் இருப்பதைத் தவிர நம்மிடம் வேறொன்றும் இல்லை. நடந்த சம்பவம் என்பதாலேயே ஒரு கதை நம்பும்படி ஆகிவிடாது என்பதைப் பல ஆண்டுகளாகக் கதை எழுதி அனுப்பித் திரும்பப் பெற்றுவந்த நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். கட்டுரைக்கு உண்மை போதும், கதைக்கு அழகு வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் எனக்கு இனி உடன்பாடில்லை. பித்தளையின் நிறத்தையும் அரத்தின் ஓசையையும் கட்டுரையும் கதை அளவுக்கே துல்லியமாகச் சொல்லியாக வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். தன்வரலாற்று எழுத்துக்கு ஒதுக்கிய நேரம் வெறும் நாற்பது நிமிடம். கதைக்கும் கட்டுரைக்கும் நடுவிலுள்ள சிக்கலான நிலம் அதுதான். பங்கேற்றவர்களில் பாதிப்பேர் அதை எழுதவே வந்திருந்தார்கள். கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே.சாமிநாதையர், 1876இல் மறைந்த தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுடன் பேசியவற்றை, 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த 'என் சரித்திரம்' தொடரில் உரையாடலாகவே தருகிறார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து எடுக்கும் பேச்சை மேற்கோள் குறிக்குள் வைக்கலாமா, அதை வாசகர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த ஊரிலேயே உட்கார்ந்து விவாதிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. நான் கேட்டபோது, நேரமில்லை என்று கடந்துவிட்டார்கள்.

பட்டறைப் பெரியவரிடம், அவரைப் பற்றி எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவிக்கவும் இல்லை. கதையில் பெயரை மாற்றினாலும் அந்தத் தெருவில் உள்ளவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். கட்டுரைக்கோ அவருடைய சம்மதம் கட்டாயம் வேண்டும். இதை முதல் பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நகல் தொகுப்பில் எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. சாப்பாடு நன்றாக இருந்தது.

எழுதத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களுக்கும், கட்டுரையிலிருந்து கதைக்கு வர நினைக்கும் இதழாளர்களுக்கும் இந்தப் பயிலரங்கைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பென்சில் குறிப்புகளுக்காகவே கட்டணம் தகும். மூன்றாம் நாள் ஒன்றைச் சேர்த்துத் தன்வரலாற்றை விரிவாக நடத்தினால் மறுபடியும் போவேன். பயிலரங்கு முடிந்த மறுவாரம் நான் தனியாக நாச்சியார்கோயிலுக்குப் போய்ப் பெரியவரிடம் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். மகனைப் பற்றிய பத்தியில் அவர் என்னை நிறுத்தி, அவன் திருப்பூரில் தையல் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறான், அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார்.