மொட்டை மாடியில் நான்கு நாள் அறை: ஐந்து வருடம் கழித்து

வூகானில் 1,000 படுக்கை மருத்துவமனையைப் பத்தே நாளில் எழுப்பியதை 2020 தொடக்கத்தில் செல்போனில் பார்த்து வாய்பிளந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருடக் கடைசியில், வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு, கோவையில் எங்கள் மொட்டை மாடியில் 12-க்கு 20 அடியில் ஓர் அறை தேவைப்பட்டது. செங்கல் வேண்டாம், இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்து ஆலையில் செய்துவரும் பஃப் பேனல் போதும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். நான்கு நாள். முதல் நாள் இரும்புச் சட்டம், மறுநாள் சுவர், அப்புறம் கூரை, கடைசி நாள் கதவு, ஜன்னல், ஒயரிங். 50 மி.மீ. பேனல் சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோதான். இரண்டு பேர் அலுங்காமல் படியேற்றினார்கள். ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் டக்கென்று உட்கார்ந்தது. பூச்சு இல்லை, அதனால் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கும் வேலையும் இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "ஏனுங் தம்பி, ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்குதுங்களே" என்றார். தப்பில்லை. ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் அதே பாலியூரித்தேன் நுரைதான் இதுவும்.

ஆனால் அந்த நான்கு நாளுக்கு முன்னால் ஏழு வாரம் ஓடிப்போயிருந்தது. அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. தளம் தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்தது, வரைபடம் மூன்று முறை மாறியது, ஆலையில் எங்கள் முறை வரக் காத்திருந்தது. வெட்டி வரும் பொருள் என்பதால் எது எங்கே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஏசி குழாய்க்கு ஓட்டை சொல்ல மறந்தேன். இங்கேயே அறுத்தார்கள், அறுத்த விளிம்பை மூடவில்லை. அடுத்த கோடையில் எறும்பு நுரைக்குள் குடியேறி, தினமும் மஞ்சள் தூளாக உதிர்த்துத் தள்ளியது.

ஏசி போட்டால் பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். நிறுத்தினால் அதே வேகத்தில் சூடு திரும்பும். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கனம் சுவரில் இல்லை. இரண்டு பக்கமும் தகடு, அதனால் செல்போன் சிக்னல் ஜன்னலோரம் மட்டும். ரூட்டரை உள்ளேயே வைத்துவிட்டேன். புத்தக அலமாரியைச் சட்டத்தில் மாட்டினால் நிற்கும், பேனலில் மாட்டினால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். நுரை தீப்பிடிக்கும் என்பதால் மேலே அடுப்பு கிடையாது.

மூன்றாம் வருட ஐப்பசி மழையில் கீபோர்டு மேல் சொட்டியது. பார்த்தால், கூரை ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினோம். இப்போது மழைக்கு முன் வருடாவருடம் மேலே ஏறிப் பார்க்கிறேன்.

சித்தப்பா பையன் முழு வீட்டையே ப்ரீகாஸ்ட் கான்கிரீட்டில், அதாவது சுவர், கூரையை முன்கூட்டியே அச்சில் வார்த்துக் கிரேனில் தூக்கிப் பொருத்தி, கட்டலாமா என்கிறான். சென்னை பெரும்பாக்கத்தில் அப்படி 1,152 வீடுகளுக்கு 2021 ஜனவரி 1-ல் அடிக்கல் நட்டு, 2022 மே 26-ல் திறந்தார்கள். ஆனால் அச்சு, கிரேன் செலவை அத்தனை வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை வீட்டுக்குக் கட்டுபடியாகுமா? சரி, முதலில் பிளக் பாயின்ட் எங்கெங்கே வேண்டும் என்று எழுதிக்கொண்டு வாடா என்றேன். இரண்டு மாதமாகிறது, ஆளைக் காணோம்.