ஆசிட் தொட்டியில் இரும்பைக் காப்பது எது: சின்ன மூலக்கூறா, பாலிமரா?

துத்தநாகப் பூச்சு போடுவதற்கு முன் இரும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கித் துருவை எடுப்பார்கள். துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜனில் கொஞ்சம் உள்ளே புகுந்து, உறுதி மிகுந்த எஃகை நொறுங்கவும் வைக்கும். அதனால்தான் அமிலம் இரும்பைத் தின்னாமல் காக்கும் பொருளை, அதாவது அரிப்புத் தடுப்பானை, தொட்டியில் கலக்கிறார்கள்.

சின்ன மூலக்கூறுத் தடுப்பான்களில் ஹெக்சமின், தயோயூரியா, புரோபார்கைல் ஆல்கஹால் மூன்றும் பழைய ஆட்கள். ஹெக்சமின் அமிலத்தில் மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். தயோயூரியா அளவு மிஞ்சினால் அரிப்பைத் தூண்டவும் செய்யும். புரோபார்கைல் ஆல்கஹால் நல்ல நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். ஆனால் சூட்டில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. எண்ணெய்க் கிணறுகளில் 15% அமிலம் இறக்கும்போது அதைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

பாலிமர் என்பது சின்ன மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. அந்தப் பக்கம் பாலிவினைல்பிரோலிடோன், பாலிஎத்திலீனிமைன், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் எனப் பல உண்டு. சின்ன மூலக்கூறு இரும்பை ஓரிரு இடத்தில்தான் பிடிக்கும். பிடி விட்டால் போயிற்று. பாலிமர் சங்கிலியோ பல இடங்களில் பற்றியிருக்கும். ஓரிடம் நழுவினாலும் மற்றவை விடாது. அதனால் கொஞ்சம் கலந்தாலே வேலை நடக்கும். ஆவியாகாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயம். நாள் முழுக்கத் தொட்டியோரம் நிற்பவர் மூச்சில் அமிலப்புகை ஏறுவதே போதும், அதோடு இன்னொரு நஞ்சும் எதற்கு?

ஆனால் அந்தப் பிடிவாதமே தொல்லையும் தரும். சரியாகக் கழுவாவிட்டால் படலம் தங்கி, அந்த இடத்தில் துத்தநாகம் பிடிக்காமல் போகலாம். கைட்டோசானை நம்பிச் சூடான அமிலத்தில் இறங்கவும் முடியாது. சங்கிலி துண்டு துண்டாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. புரோபார்கைல் ஆல்கஹால் இரும்பின் மேல் உட்கார்ந்ததும் தங்களுக்குள் கோத்துக்கொண்டு பாலிமர் படலமாகிறது. சூட்டில் ஜெயிக்கும் சின்ன மூலக்கூறும் கடைசியில் பாலிமராகித்தான் காக்கிறது!

சரி, எதை எடுப்பது? அறை வெப்பத்தில் ஓடும் ஹைட்ரோகுளோரிக் தொட்டிக்கு நான் பாலிமரைத்தான் சொல்வேன். 60 டிகிரிக்கு மேல் காயும் கந்தக அமிலத் தொட்டிக்கு, அந்தச் சூட்டில் சோதித்துப் பார்த்த சின்ன மூலக்கூறுக் கலவையே மேல். எதுவானாலும் எடை போட்ட இரும்புத் துண்டுகளை, தடுப்பான் கலந்தும் கலக்காமலும் அமிலத்தில் ஊறவைத்து மறுபடி எடை பாருங்கள். புது அமிலத்தில் மட்டும் பார்த்தால் போதாது. இரும்பு ஏறிப் பச்சையாகிப்போன பழைய அமிலத்திலும் பாருங்கள்.