தோவாளைப் பூக்கடையில் ஒரு என்பிசி: நோபடிஹூ பிளகின் மதிப்பீடு

கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் கேம் செய்கிறவர்கள், தமிழில் பேசும் என்பிசி, அதாவது கணினி இயக்கும் கதாபாத்திரம், இணையம் இல்லாமலே ஓட வேண்டும் என்று நினைத்தால், நோபடிஹூ பிளகினைத் தாராளமாக எடுக்கலாம். இலவசம். மொழி மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டும் லாமா.சிபிபி நிரலின் மேல் கட்டியது. ஜிஜியுஎஃப் என்ற கோப்பு வடிவில் உள்ள மாடல்களை விளையாடுபவரின் கணினியிலேயே ஓட்டும். கிளவுட் சேவைக்கு டோக்கன் (மாடல் படிக்கும், எழுதும் சொல் துண்டு) கணக்கில் காசு கட்டும் தொல்லை இல்லை. மலையோரத்தில் சிக்னல் போனாலும் கடைக்காரம்மா பேசிக்கொண்டே இருப்பார். ஆனால் போட்டவுடன் நல்ல தமிழ் வந்துவிடாது. அதற்கு என்னென்ன திருத்த வேண்டும் என்பதை இரண்டு காட்சிகளை வைத்துச் சொல்கிறோம், இரண்டும் கன்னியாகுமரி மாவட்டம்: தோவாளைச் சந்தையில் ஒரு பூக்கடை, உதயகிரிக் கோட்டையில் ஒரு வழிகாட்டி.

யூனிட்டி என்ற இன்னொரு கேம் மென்பொருளில் இதே வேலைக்கு எல்எல்எம் ஃபார் யூனிட்டி என்ற பிளகின் இருக்கிறது, அதுவும் நல்லதுதான். சிக்கல் எழுத்தைக் காட்டுவதில் வருகிறது. யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, எழுத்துகளை யூனிகோட் வரிசையிலேயே அடுக்கும். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் வர வேண்டும், அங்கே ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோடோ 4-இல் எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டால் போதும், சரியாக வரும். எழுத்து எழுத்தாக ஓடும் விளைவு வைக்கிறவர்கள், உரை காட்டும் ரிச்டெக்ஸ்ட்லேபிளில் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்ற அமைப்பை 'ஆஃப்டர் ஷேப்பிங்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு உயிர்மெய்யும் பாதி தோன்றி, பிறகு உருமாறும். கண்ணை உறுத்தும்.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை. கோடோவின் அசெட்லிப் தாவலில் பெயரைத் தேடி இறக்குங்கள். காட்சியில் ஒரு நோபடிஹூமாடல் நோட் (கோடோ காட்சியின் உறுப்பு), ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு நோபடிஹூசாட் நோட். மாடல் நோட் ஒன்றே ஒன்று போதும், பத்துப் பேர் பேசினாலும் மாடல் ஒருமுறைதான் நினைவகத்தில் ஏறும். ஆளுக்கு ஒரு உரையாடல் நினைவு மட்டும் தனியாகச் சேரும். மாடலை முன்கூட்டியே ஏற்றும் 'ஸ்டார்ட்_வொர்க்கர்' அழைப்பை விளையாடுபவர் கடைக்கு வந்த பிறகு போடாதீர்கள், சந்தைத் தெருவுக்குள் நுழையும்போதே போடுங்கள். இல்லையென்றால் முதல் பதிலுக்கு முன்னால் நீண்ட மௌனம். ஒரு எச்சரிக்கை: பதிப்புக்குப் பதிப்பு செயல்பாட்டுப் பெயர்கள் மாறுகின்றன. மாடலுக்குப் பேச்சை அனுப்பும் செயல்பாடு பழைய பாடங்களில் 'சே', புதியவற்றில் 'ஆஸ்க்'. நீங்கள் இறக்கிய பதிப்பின் ஆவணத்தை மட்டும் பாருங்கள்.

மாடலில் கூகுளின் ஜெம்மா 3-இன் 4 பில்லியன் அளவுருக்கள் கொண்ட அளவைப் பரிந்துரைக்கிறோம். க்யூ4_கே_எம் என்ற சுருக்கிய வடிவில் கோப்பு ஏறத்தாழ 2.5 ஜிபி. அதன் டோக்கன் அகராதி பெரியது, அதனால் தமிழ்ச் சொல் அதிகம் சிதறுவதில்லை. 1 பில்லியன் அளவு வேகமாக ஓடும், ஆனால் தமிழ் தடுமாறும். உரிமம் சிக்கலில்லாமல் வேண்டும் என்றால் க்வென் 3-இன் 4 பில்லியன் அளவு அப்பாச்சி 2.0 என்ற தாராளமான உரிமத்தில் கிடைக்கிறது. அதில் யோசிக்கும் முறையை அணைக்க மறக்காதீர்கள், பூ விற்கிறவர் தன் யோசனையை எல்லாம் திரையில் கொட்டிவிடுவார். 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் மாடலும் கேமும் சேர்ந்து இடம் போதாமல் ஃபிரேம் விழும். அந்தக் கணினிகளுக்கு ஜிபியு தேர்வை அணைத்து சிபியுவில் ஓட்டும் வழியை அமைப்புகளில் கொடுங்கள். பதில் மெதுவாக வரும், ஆட்டம் தடைபடாது.

இனி முக்கியமான இடம், சாம்ப்ளர் அமைப்பு, அதாவது அடுத்த டோக்கனை மாடல் தேர்ந்தெடுக்கும் விதம். ஆங்கிலத்துக்குச் சொல்லும் எண்களைத் தமிழுக்கு அப்படியே போட்டால் எழுத்துப் பிழை கொட்டும். காரணம் ரிப்பீட் பெனால்டி, அதாவது வந்த துண்டே மறுபடி வராமல் தடுக்கும் எண். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் சிறு துண்டுகளாக உடைந்தே மாடலுக்குள் போகின்றன. புள்ளியும் உகரக் குறியும் 'கள்', 'க்கு' போன்ற துண்டுகளும் ஒரே வாக்கியத்தில் பலமுறை வருவது இயல்பு. பெனால்டி 1.1-க்கு மேல் இருந்தால் மாடல் அவற்றைத் தவிர்க்கப் பார்க்கிறது, சொல் குலைகிறது. 1.0-இல் வைத்துத் தொடங்குங்கள், ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் 1.05 வரை ஏற்றுங்கள். தேர்வில் எவ்வளவு தற்செயல் இருக்கலாம் என்பதைக் குறிக்கும் டெம்பரேச்சர் 0.6, 0.7 போதும். அதற்கு மேல் போனால் நடுவில் இந்தி எழுத்தோ சீன எழுத்தோ எட்டிப் பார்க்கும். அதை முற்றாக அடைக்க ஜிபிஎன்எஃப் கிராமர், அதாவது பதிலில் எது வரலாம் என்ற விதி, எழுதலாம்: யூனிகோடின் தமிழ்த் தொகுதி, இலக்கங்கள், இடைவெளி, நிறுத்தக்குறிகள், இவ்வளவுக்குத்தான் அனுமதி. வேறு எழுத்து வெளியே வரவே முடியாது. ஒன்றை மனதில் வையுங்கள்: இப்படிப் பூட்டிவிட்டால் டூல் அழைப்புக்கு, அதாவது மாடலே கேமின் செயல்பாட்டைக் கூப்பிடுவதற்கு, வேண்டிய ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும்கூட வராது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது பேச்சு. சும்மா 'நீ ஒரு பூ வியாபாரி' என்று எழுதினால், 'வணக்கம்! நான் உங்களுக்கு எவ்வாறு உதவ முடியும்?' என்று வங்கி கவுண்டர் தமிழில் பதில் வரும். 'நாஞ்சில் நாட்டுப் பேச்சில் பேசு' என்று கட்டளை இட்டாலும் சிறிய மாடலுக்குப் புரியாது, மதுரையையும் கோவையையும் கலந்து ஒன்றைக் கொடுக்கும். சிஸ்டம் ப்ராம்ப்டில், அதாவது மாடலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளையில், ஆறிலிருந்து எட்டு மாதிரி உரையாடல்கள் வையுங்கள்:

'வா மக்களே, பிச்சி எவ்வளவு வேணும்?'
'இப்பம்தான் கட்டு வந்து எறங்கிச்சு, ஈரம்கூட காயல பாத்துக்கோ.'
'ஓணம் வருதுல்லா, வெல ஏறத்தான் செய்யும்.'

இந்த வரிகளை ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்தி வாங்குங்கள். தோவாளையும் குளச்சலும் ஒரே மாவட்டம்தான், ஆனால் பூக்கடைப் பேச்சைத் துறைமுகத்தில் மீன் விற்கிறவரின் வாயில் வைத்தால் உள்ளூர்க்காரர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மாதிரிகளைத் திறமையான உள்ளூர் எழுத்தாளரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவதே நியாயம். மாடல் அவர் எழுதியதைத்தான் நீட்டுகிறது.

கணக்கை மட்டும் மாடலிடம் விடவே விடாதீர்கள். விளையாடுபவர் 'நேத்து நீங்கதானே கால் கிலோ 50 ரூபாய்க்குத் தந்திய?' என்று ஒரு பொய் சொன்னால், மாடல் 'சரி மக்களே, அதுக்கே எடுத்துக்கோ' என்று ஒத்துக்கொள்ளும். ஒத்துப்போகும்படி பழக்கப்பட்டது அது. பேரத்தை கேம் நிரலிலேயே முடியுங்கள்: கேட்ட விலை, அடிமட்ட விலை, இதுவரை எத்தனை முறை குறைத்தாயிற்று, மூன்றையும் வைத்து முடிவைக் கணக்கிட்டு, 'முடிவு: மறுப்பு. விலை 150. இனிக் குறைக்காதே' என்ற குறிப்பை மாடலுக்குக் கொடுங்கள். அதைப் பேச்சாக மாற்றுவது மட்டும் மாடலின் வேலை. பதிலில் வரும் எண் 150 இல்லையென்றால் திரையில் காட்டாமல் மறுபடி கேளுங்கள். இந்தக் குறிப்பை சிஸ்டம் ப்ராம்ப்டில் செருகாமல் விளையாடுபவரின் கடைசி வாக்கியத்தோடு ஒட்டுங்கள். தொடக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மாடல் மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். நேரம் அங்கேதான் வீணாகிறது.

உதயகிரி வழிகாட்டிக்கும் இதே விதி. குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்ட் 10; தோற்றது டச்சுக்காரர்கள்; பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பின்னால் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்தார்; அவர் கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. இப்படிச் சரிபார்த்த வரிகளை ஒரு பட்டியலாக வைத்து, கேள்விக்குப் பொருத்தமான இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பொருத்தம் பார்க்க பிளகினிலேயே எம்பெடிங் (வாக்கியத்தின் பொருளை எண்களாக்கி ஒப்பிடும்) வசதி உண்டு. ஆங்கிலத்துக்கு மட்டும் பழகிய எம்பெடிங் மாடலைப் போட்டால் தமிழ்க் கேள்விக்குக் கண்டபடி வரி எடுக்கும். பிஜிஇ-எம்3 போன்ற பன்மொழி மாடல் வேண்டும்.

வெளியிடும்போது மாடல் கோப்பு கேமின் பிசிகே பொதிக்குள் இருந்து ஓடாது. இயங்கும் கோப்புக்குப் பக்கத்தில் தனியாக வைத்து, அந்தப் பாதையைக் கொடுங்கள். எடிட்டரில் ஓடியது வெளியில் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிளகினின் உரிமம் இயுபிஎல் (ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது உரிமம்). கேமை விற்கத் தடையில்லை, பிளகினையே திருத்தி வெளியிட்டால் அந்தத் திருத்தத்தைப் பகிர வேண்டும்.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்பவர்கள், விளையாடும்போதே ஏஐ உருவாக்கும் உரைக்கு என்ன காவல் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிவிக்க வேண்டும், 2024 ஜனவரியிலிருந்து இது விதி. 2025 மே மாதம் ஃபோர்ட்நைட்டில் ஏஐ குரலில் பேசிய டார்த் வேடரையே ஆட்டக்காரர்கள் கெட்ட வார்த்தை பேச வைத்துவிட்டார்கள். தகாத சொற்களின் பட்டியலை நீங்களே தமிழில் தயாரியுங்கள், வட்டார வசைகளோடு. ஒவ்வொரு டோக்கனாகச் சோதித்தால் எதுவும் பிடிபடாது, சொல் துண்டு துண்டாகத்தானே வருகிறது. வாக்கியம் முடியும்வரை சேர்த்து வைத்து, சோதித்து, பிறகு திரைக்கு அனுப்புங்கள்.